இடது பக்கத்து பிரேக்

செப்டம்பர் 3, செவ்வாய்

இந்த டைரி ஜனவரியிலேயே வந்தது. பேரிங் கடைக்காரர் வருடா வருடம் கொடுப்பார். அட்டையில் லட்சுமி, உள்ளே ராகு காலம். பால்காரன் வராத நாட்களைத் தவிர இதுவரை நான் இதில் எதுவும் எழுதியதில்லை. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான். நாளைக்கு யாராவது இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் ஒரு சாட்சி வேண்டும்.

மச்சினன் கிரிதரன் மகளுக்குக் காதுகுத்து. குழந்தைக்கு இரண்டு ஓட்டைதான் போட்டார்கள், கிரி எல்லோர் காதிலும் ஓட்டை போட்டுவிட்டான். ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கிக் கலர் அடித்து, கறுப்புச் சக்கரம் மாட்டியிருக்கிறானாம். டிசம்பரில் ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறானாம். யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கும் நாளாம் அது. என் மனைவி அம்சவேணி சாம்பார் வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானும் வர்றேன்டா, ஓட்டறதுக்கு" என்றாள்.

பந்தியே சிரித்தது. "அக்கா, நீ டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கே, ஒத்துக்கறேன்" என்றான் கிரி. "ஆனா முப்பதுக்கு மேல போனா உனக்கே மயக்கம் வந்துரும்."

பந்தி மறுபடி சிரித்தது. அம்சவேணி சிரிக்கவில்லை. நான் இலையிலிருந்த பாயசத்தை வழித்துவிட்டு, "மாப்ள, வாங்கின வண்டிய எவன் வேணா ஓட்டுவான். உங்கக்காளுக்கு நானே ஒண்ணு செஞ்சு தர்றேன், பாரு" என்றேன். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது என் பிறவிக்குணம்.

நான் கணபதியில் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட்டுக்கு அடிச்சட்டமும் பிராக்கெட்டும் செய்கிறோம். நகராமல் ஒரே இடத்தில் நிற்கிற பொருள்களைச் செய்வதில் கோயமுத்தூரில் இந்த நாச்சிமுத்துவுக்கு நல்ல பெயர் உண்டு.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். பக்கத்தில் அம்சவேணியின் கால் வழக்கம்போலத் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. தொழில் பழக்கம். பெண்களுக்கு மட்டுமான டிரைவிங் ஸ்கூல் அவளுடையது. படிக்கிறவர் வலது பக்கம், இவள் இடது பக்கம். ஸ்கூல் கார்களில் இவள் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நான்தான் செய்து மாட்டினேன்.

"ஏனுங்க, நிசமாத்தான் சொன்னீங்களா?"

"சொல்லிப்போட்டேனே, இனி என்ன பண்றது."

"அப்ப ஒண்ணு கேட்டுக்கறேன். பதினாலு வருசமா அடுத்தவங்க ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்திருக்கறேன். ஒரே ஒரு தடவை, பக்கத்துல ஒருத்தரும் இல்லாம, வண்டி எவ்வளவு போகுமோ அவ்வளவு வேகமா நான் போகோணும். அவ்வளவுதான்."

"அதுக்கென்ன, போ" என்றேன். அப்போது என்னிடம் வண்டியே இல்லை என்பதால் சொல்வது சுலபமாக இருந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

உக்கடத்தில் ஒரு பழைய எஸ்டீம் கார் கிடைத்தது. உடம்பு முழுக்கத் துரு, எஞ்சின் மட்டும் நல்ல குடும்பத்துப் பிள்ளை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டோம். கூட வந்தவன் செபஸ்தியான். என் பட்டறையின் வெல்டர். இத்தனை வருடத்தில் நான் சொன்ன எதையும் அவன் முழுதாக நம்பியதில்லை. ஆனால் சொன்னதைவிட நன்றாகச் செய்துவிடுவான்.

மாலையில் சீட்டுக்கு அளவு எடுத்தோம். அம்சவேணியை ஒரு பிளைவுட் பலகைமேல் கால் நீட்டி உட்கார வைத்து, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டேன்.

"செத்தவங்களச் சுத்தி போலீஸ்காரங்க போடற மாதிரி இருக்குதுங்" என்று சிரித்தாள்.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கோட்டை ஈரத்துணியால் அழித்துவிட்டு இன்ச் டேப்பால் அளந்தேன். இடுப்பளவை இங்கே எழுத மாட்டேன். இந்த வீட்டில்தான் எனக்கு இன்னும் சோறு போடுகிறார்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கிரியின் சிநேகிதன் ஒருவன் கம்ப்யூட்டரில் வண்டியின் சட்டத்தை வரைந்து கொடுத்திருக்கிறான். படம் அழகாகத்தான் இருக்கிறது. பைப் கனம் இரண்டு மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறான். நான் நாலு மில்லிமீட்டர் வாங்கி வந்தேன்.

"ணா, படத்துல ரெண்டுன்னு இருக்குது" என்றான் செபஸ்தியான்.

"படம் வரைஞ்சவன் இதுக்குள்ள உக்காரப் போறானா?"

"அவன் உக்காரலீங். ஆனா எஞ்சின் இழுக்கோணுமில்ல?"

"பைப்ப வளை. பேச்ச வளைக்காத" என்றேன். வளைத்தான். நாலு மில்லி பைப் வளைப்பதற்குள் அவன் எங்கள் குலத்தையே வாழ்த்தியது எனக்குக் கேட்டது.

செப்டம்பர் 22, ஞாயிறு

மூலைக்கு மூலை முக்கோணத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். படத்தில் இல்லை. இருந்தால் என்ன கெட்டுவிடும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

டிரைவர் பக்கம் மட்டும், கதவு வர வேண்டிய இடத்தில் குறுக்குக் குழாய் இன்னும் ரெண்டு சேர்த்தேன். லட்சணமாக இருக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

எஞ்சினைச் சட்டத்தில் உட்கார வைத்து, சக்கரமும் மாட்டியாயிற்று. டெம்போவில் ஏற்றி, அவினாசி ரோட்டுப் பக்கம் பஞ்சு லாரிகள் நிற்கும் எடைமேடைக்குக் கொண்டுபோனோம். அம்சவேணியும் வந்தாள். டெம்போவை முதலில் தனியாக எடைபோட்டிருந்ததால் கழித்துப் பார்க்க வசதி.

எடைமேடைக்காரர் எடைச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "ஏனுங், வண்டிக்குள்ள யாராச்சும் உக்காந்திருக்காங்களா?"

யாரும் இல்லை. கூரை, கதவு, கண்ணாடி, பின்சீட்டு எதுவும் இல்லாத எங்கள் வண்டி, இதெல்லாம் இருந்த முழு எஸ்டீமைவிட அதிக எடை.

"ஏனுங்க, இது காருங்களா, போர்வெல் லாரியா?" என்றாள் அம்சவேணி. பிறகு வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு மூலைத் தகட்டையும் விரலால் தட்டிப் பார்த்தாள். "இது எதுக்கு இத்தனை தடிசு?"

"வாரண்டி."

"ஆருக்கு?"

பம்ப் தொழிலில் நாம் கொடுக்கும் சாமான் ஆடக் கூடாது, அதிரக் கூடாது, திரும்பி வரக் கூடாது என்று விளக்கினேன். நீளமான விளக்கம். செபஸ்தியான் டெம்போவுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

"திரும்பி வராதது இருக்கட்டும். இது மொதல்ல போகோணுமில்லீங்" என்றாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

வெட்டிச் சேர்த்ததையெல்லாம் வெட்டி எடுக்கிறோம். எடுக்க முடியாத தகட்டில் ஓட்டை. செபஸ்தியான் இன்று முழுக்கத் துளை போட்டான். வண்டி பணியாரச் சட்டிபோல ஆகிவிட்டது. கீழே விழுந்த வில்லைகளையெல்லாம் நான் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். வாஷருக்கு ஆகும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. எல்லாக் கருவிக்கும் ஓய்வு, எனக்கும் செபஸ்தியானுக்கும் சேர்த்துத்தான். வெல்டிங் மிஷினுக்கும் லேத்துக்கும் சந்தனம் குங்குமம். மேரி மாதா படம் சட்டைப்பையில் இருந்தாலும் எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தவன் செபஸ்தியான்தான். ஸ்கூல் கார் இரண்டும் வரிசையில் நின்றன, ரேஸ் வண்டி கடைசியில். ஓட்டைகளுக்கு நடுவே பொட்டு வைக்க இடம் தேட வேண்டியிருந்தது.

அம்சவேணியிடம் படித்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர் பொரியும் சுண்டலும் சாப்பிட வந்தார்கள். ஒரு டீச்சரம்மா சொன்னார்: "சார், காந்திபுரத்துல பஸ்ஸுக்கு அடியிலயே விட்டுட்டேன். மேடம் பிரேக் போடலைன்னா இன்னைக்கு என் போட்டோவுக்குத்தான் பொட்டு வெச்சிருப்பாங்க." உடனே இன்னொருவர் தண்ணி லாரிக் கதை. அப்புறம் ஒருவர் ரயில்வே கேட். ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருந்தது. எல்லாக் கதையிலும் இடது பக்கத்தில் அம்சவேணியின் கால்.

எல்லோரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இத்தனை பேர் பக்கத்திலும் இவள் இருந்திருக்கிறாள், இவள் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று ஒரு யோசனை வந்தது. பிறகு சுண்டல் தீர்ந்துவிட்டது என்றார்கள், அதைக் கவனிக்கப் போய்விட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

இடது பக்கம் ஒரு சீட் வைத்தேன். வண்டிக்கு எடை இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் திருப்பத்தில் நிற்கும். இது விஞ்ஞானம்.

"எடையக் கொறைக்கத்தான ஒரு வாரமா ஓட்டை போட்டேன்?" என்றான் செபஸ்தியான்.

"அது வேற எடை. இது வேற எடை."

அவன் என்னைப் பார்த்தான். நான் சீட்டைப் பார்த்தேன். அம்சவேணி வந்து பார்த்துவிட்டு "ம்" என்றாள். திருமணமான நாளிலிருந்து எனக்கு அர்த்தம் பிடிபடாத ஒரே சொல் அதுதான்.

அக்டோபர் 20, ஞாயிறு

எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. சைலன்ஸர் இன்னும் செய்யவில்லை. தெருவில் இருந்த எல்லா நாயும் ஒரே நேரத்தில் கருத்துச் சொன்னது. எதிர்ப் பட்டறைக்காரர் இடி விழுந்தது என்று வெளியே ஓடி வந்தார். அம்சவேணி சீட்டில் உட்கார்ந்து ஒரு முறை ஆக்சிலேட்டரை அழுத்தினாள். பிறகு அணைக்க மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"போதும், பெட்ரோல் தீந்துரும்" என்றேன்.

"தீந்தா ஊத்திக்கலாம்ங்க" என்றாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

செபஸ்தியான் மாதாகோயிலுக்குப் போயிருந்தான். பட்டறையில் தனியாக இருந்தேன். பழைய ஸ்கூல் கார் ஒன்றின் இரண்டாவது பிரேக் பெடல் மூலையில் கிடந்தது. சும்மா கிடப்பானேன் என்று இடது பக்க சீட்டுக்கு முன்னால் மாட்டினேன். பிரேக் ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றும்போது மிதிக்க இன்னொரு ஆள் இருந்தால் வசதி. அதற்குத்தான்.

அக்டோபர் 28, திங்கள்

பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருப்பாளா, பதினாலு வருடமாக அந்தப் பெடலோடுதானே குடித்தனம். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். இடது சீட்டில் உட்கார்ந்தாள், காலை வைத்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் மேல வெச்சிருக்கோணும். இப்படியே விட்டா உங்க கணுக்கால் வலிக்கும்."

"எனக்கெதுக்கு? இது காத்து எடுக்கறதுக்கு."

"செரிங்க" என்றாள். "டெஸ்ட் பண்றப்ப நீங்க உக்காந்துக்கங்க. ஆனா டிராக்குக்குப் போறப்ப சீட்டும் இருக்கக் கூடாது, பெடலும் இருக்கக் கூடாது. நான் கேட்டது ஞாபகம் இருக்குதுங்களா?"

ஞாபகம் இருக்கிறது என்றேன். பெடலை ஒரு இன்ச் மேலே ஏற்றினேன். அவள் சொன்னது சரிதான், இப்போது கால் நன்றாக உட்காருகிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கிரி பலகாரப் பெட்டியோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான். "மாமா, ரெண்டு சீட்டு, ரெண்டு பிரேக்கு. முன்னாடி எல் போர்டு ஒண்ணு மாட்டிட்டா முடிஞ்சுது."

அவனுக்கு மட்டும் லேகியத்தை இரண்டு உருண்டை கூடுதலாகக் கொடுத்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

மழை. பட்டறை முன்னால் குளம். ஒன்றும் நடக்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

அன்னூர் தாண்டி ஒரு லேஅவுட். உரிமையாளர் என் பம்ப் வாடிக்கையாளர். தார் ரோடு, விளக்குக் கம்பம், அலங்கார வளைவு, கிழக்கு பார்த்த மனைகள் என்ற போர்டு எல்லாம் இருக்கின்றன, வீடுதான் ஒன்றுகூட இல்லை. ஓட்டிப் பார்க்க அனுமதி கொடுத்தார்.

அம்சவேணி ஓட்டினாள், நான் இடது பக்கம். இரண்டு பேருக்கும் ஹெல்மெட், பெல்ட். முதல் சுற்று மெதுவாக. இரண்டாவது சுற்றில் கியர் மாற்றுவது கைக்குப் பழகிவிட்டது. மூன்றாவது சுற்றில் நான் திரும்பி அவளைப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும்தான் தெரிந்தது. இந்தப் பெண்ணோடு இத்தனை வருடம் இருந்திருக்கிறேன், அந்தக் கண்ணை நான் பார்த்ததில்லை. எங்கேயோ போய்ச் சேர்ந்துவிட்ட கண். என் நினைவே அதில் இல்லை.

கடைசித் திருப்பம் வந்தது. அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. அப்போது ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் விழுந்தது. வண்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மனைக்கல்லில் முன்சக்கரத்தை இடித்து நின்றது. சக்கரத்தைத் தாங்குகிற ஆர்ம் வளைந்துவிட்டது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செபஸ்தியான் ஓடி வந்தான். நாய் குறுக்கே வந்துவிட்டது என்றேன். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். "நாய் எங்கீங்ணா?"

"ஓடிப்போச்சு."

அம்சவேணி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். அது இன்னும் பெடல் மேலேயே இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் அடிபடலீங்களே?" என்றாள்.

நவம்பர் 19, செவ்வாய்

சாப்பாடு வருகிறது. காப்பி வருகிறது. பேச்சு வரவில்லை. கத்துகிற அம்சவேணியை எனக்குச் சமாளிக்கத் தெரியும். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம், சந்தைக்குப் போய்விடலாம். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது, அதுதான் நல்லதாகப் படவில்லை.

நவம்பர் 21, வியாழன்

சாயங்காலம் சாவியை என் முன்னால் வைத்தாள். "வாங்க, காய் வாங்கப் போலாம். நீங்க ஓட்டுங்க." ஸ்கூல் காரின் சாவி.

தெருமுனை திரும்பும்போது வண்டி தானாக நின்றது. ஸ்டார்ட் பண்ணி எடுத்தேன். மறுபடி இருபதடி, மறுபடி நின்றது. கீழே பார்த்தால் அவள் கால்.

"என்ன பண்றே?"

"சைக்கிள் வருதுங்க."

சைக்கிள் ரோட்டின் அந்தக் கோடியில் இருந்தது. சத்தி ரோட்டில் ஏறினேன். ஒரு ஆட்டோவை முந்தப் போனபோது பிரேக். பச்சை விளக்கில் பிரேக். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு பிரேக். பின்னால் வந்தவன் என் அம்மாவைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனான். உழவர் சந்தை வருவதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது.

"நானென்ன எல் போர்டா?" என்று கத்திவிட்டேன்.

"அதேதானுங்க" என்றாள்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கொத்தமல்லிக் கட்டு விற்கிற அம்மா ஒருவர் ஜன்னலில் குனிந்து, எங்கள் முகத்தைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டார்.

"என்ற கால் பதினாலு வருசமா இந்தப் பக்கமேதான் இருந்துச்சு" என்றாள் அம்சவேணி. "ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. செரி, சந்தோசம். ஆனா எல்லாரும் படிச்சுட்டுப் போயிட்டாங்க. நான் மட்டும் எங்கயும் போகலீங்க. உங்களுக்கு என்ன பயம்னு வாயத் தொறந்து சொல்லிப்போடுங்க. நாய் மேல பழி போடாதீங்க."

"உனக்கு வாரண்டி இல்லையே" என்றேன். தமாஷாகத்தான் சொல்ல நினைத்தேன். வெளியே வந்தபோது அது தமாஷாக இல்லை.

"ஆருக்குத்தான் இருக்குது?" என்றாள். பிறகு கதவைத் திறந்து இறங்கி, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வந்தாள். திரும்பும்போது அவள் ஓட்டினாள். நான் இரண்டு காலையும் பெடலில் படாமல் மடக்கி வைத்துக்கொண்டேன். சுலபமில்லை.

நவம்பர் 22, வெள்ளி

நாய் வரவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

காலையில் முதல் வேலையாகப் பெடலைக் கழற்றினேன். பிறகு சீட்டை. செபஸ்தியான் நான் கேட்பதற்கு முன்பே சரியான ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். மனிதன் இத்தனை கண்ணியமாக நடந்துகொண்டால் திட்டுவதற்குக்கூட வழியில்லை.

அப்புறம் புது ஆர்ம். படத்தில் என்ன கனம் போட்டிருக்கிறதோ அதே கனம். பைப்பைக் கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. இதன் முனையில் ஒரு சக்கரம், சக்கரத்துக்கு மேல் அம்சவேணி. பற்றவைத்து முடித்த இடத்தில் இன்னொரு வரி ஓட்டலாம் என்று கை போனது.

"ணா" என்றான் செபஸ்தியான். "ஒரே வரி போதும். அதிகமா சுட்டா பைப்பு பக்கத்துல பலம் போயிரும். அது உங்களுக்கே தெரியும்."

தெரியும். பம்ப் பிராக்கெட் வாங்க வருகிறவர்களிடம் நானே இதைத்தான் சொல்வேன். வெல்டிங் டார்ச்சை அணைத்தேன். பற்றவைத்த ஒவ்வொரு இடத்திலும் சாயம் தெளித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். வெடிப்பு இல்லை. மறுபடியும் பார்த்தேன். அப்போதும் இல்லை. இல்லாத ஒன்றை எத்தனை தடவைதான் தேடுவது.

டிசம்பர் 8, ஞாயிறு

மறுபடி எடைமேடை. இந்தத் தடவை எடைமேடைக்காரர் எட்டிப் பார்க்கவில்லை. எடைச் சீட்டைப் படித்துவிட்டு அம்சவேணி அதை மடித்துப் பர்ஸில் வைத்தாள். வரும் வழியில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாள். பேச ஆரம்பித்துவிட்டாள். பேசியது முழுக்கக் கியர் விகிதம் பற்றித்தான், ஆனாலும் பேச்சு பேச்சுதானே.

டிசம்பர் 15, ஞாயிறு

விடிந்ததும் டிராக்கில் இருந்தோம். கிரி முன்னமே வந்து, தன் காரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

வண்டிகளைச் சோதிக்கிற இளைஞர் எங்கள் வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். கம்பியால் தட்டினார், ஆட்டினார், படுத்துப் பார்த்தார். "சார், பின்பக்கம் டேங்கர் மாதிரி இருக்கு, முன்பக்கம் கார் மாதிரி இருக்கு. ரெண்டு பேர் செஞ்சீங்களா?"

"ஒருத்தன்தான். நடுவுல புத்தி வந்துருச்சு" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டினார்.

"அக்கா, நீ ஓரமாவே போ. பின்னாடி வர்றவங்களுக்கு வழி விட்டுரு" என்றான் கிரி.

"நீ முன்னாடி போடா கண்ணு. எனக்கு வழி தெரியோணுமில்ல" என்றாள்.

பெல்ட்டை நான்தான் கட்டினேன். இழுத்துப் பார்த்தேன், மறுபடி இழுத்தேன். "மூச்சு விடோணுங்க" என்றாள். விட்டுவிட்டு வேலிக்குப் பின்னால் வந்து நின்றேன். அவள் பக்கத்தில் வெறும் தகடு. சீட் இருந்த இடத்தில் நாலு போல்ட் ஓட்டை.

முதல் சுற்றில் கிரிக்குப் பின்னால் பவ்யமாகப் போனாள். இரண்டாவது சுற்றிலும் அப்படியே. மூன்றாவது சுற்றில் தூரத்து வளைவில் இரண்டு வண்டியும் ஒன்றாகப் போய் மறைந்தன. வெளியே வந்தபோது எங்கள் பணியாரச் சட்டி முன்னால் வந்தது. செபஸ்தியான் தகர ஷெட்டைக் கையால் அடித்துக்கொண்டு கத்தினான். நான் வேலிக் கம்பியைப் பிடித்திருந்தேன், கம்பி உள்ளங்கையில் ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த சுற்றில் கிரி உள்ளே வந்துவிட்டான். எஞ்சின் சூடாம். ஹெல்மெட்டைக் கழற்றினால் அவன்தான் வெளுத்திருந்தான். "மாமா, அக்கா பிரேக்கே போட மாட்டேங்குது. எல்லாரும் போடற இடத்துல போடறதில்லை. நான் போட்டு முடிச்ச பொறவு போடுது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அந்த வளைவில் அவள் மறையும்போது எனக்கு உள்ளே எல்லாம் நின்றுவிட்டது. வெளியே வரும்போது ஓட ஆரம்பித்தது. எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. பயம் என்று இந்த டைரியில் நான் எங்கேயும் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது எழுதுகிறேன். பயம். வேறு எந்தப் பெயரும் அதற்குக் கிடையாது. விஞ்ஞானமும் கிடையாது.

கொடி காட்டினார்கள், உள்ளே வந்தாள். எஞ்சினை அணைத்தாள். இறங்கவில்லை. நான் ஓடிப்போய்ப் பெல்ட்டைத் தளர்த்தினேன். அவள் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விடவே இல்லை.

"என்னாச்சு? வண்டியில ஏதாச்சும்..."

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. பயந்துட்டேன்."

செபஸ்தியான் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். குடித்தாள், பாதி ஹெல்மெட்டுக்குள் கொட்டியது.

"பதினாலு வருசமா தெனமும் பயந்துட்டுத்தான் இருக்கறேன்" என்றாள். "அதெல்லாம் அடுத்தவங்க கால் குடுத்த பயம். இன்னிக்குத்தான் என்ற கால், என்ற பயம்." சிரித்தாள். அழுதாள் என்றும் சொல்லலாம், ஹெல்மெட்டுக்குள் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

"போதும்னா இதோட நிறுத்திக்கலாம்" என்றேன். நான் சொல்ல நினைக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"நிறுத்தறதா? மத்தியானம் இன்னொரு தடவை விடறாங்க." ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்தாள். "அந்தத் தூரத்து வளைவுல பின்பக்கம் வழுக்குது. சூட்டுல டயர்ல காத்து ஏறிப்போச்சு. ரெண்டு பாயிண்ட் கொறைச்சு விடுங்க, இன்னும் வேகமாப் போலாம்."

கிரி இருந்தான், செபஸ்தியான் இருந்தான், பக்கத்து ஷெட்டுக்காரர்கள் இருந்தார்கள். "அம்சா, எனக்குப் பயமா இருக்குது" என்றேன்.

"தெரியுங்க" என்றாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மத்தியானம் வண்டி வரிசைக்குப் போவதற்கு முன்னால், காற்று அளக்கிற கேஜை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டி போட்டேன். வால்வில் கேஜ் இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. அவள் கேட்ட அளவுக்குக் காற்றை விட்டேன், ஒரு பாயிண்ட் அதிகமும் இல்லை, ஒரு பாயிண்ட் குறைவும் இல்லை. மறுபக்கம் போய் அதற்கும் அப்படியே செய்தேன். மூடியைத் திருகிவிட்டு எழுந்து, போகலாம் என்று கையைக் காட்டினேன்.

போனாள்.